போன் எழுதிய மனுக்கள்

கரண்ட் எப்போது போகும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு ஆப் வேண்டும் என்று 2012-இல் கடலூரில் ஒருவருக்குத் தோன்றியது. ஊரில் மற்றவர்கள் எல்லாம் விசிறியும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டிருந்தபோது இப்படித் தோன்றிய அந்த மனிதரைத்தான் எனக்குக் கட்டிவைத்திருந்தார்கள்.

அந்த வருஷத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முந்தின வருஷக் கடைசியில் அடித்த புயலில் கம்பங்கள் சாய்ந்து, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். பிறகு கம்பம் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் அந்தக் கம்பியில் அனுப்பக் கரண்ட் இல்லை என்பது தெரியவந்தது. நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை உண்டு. அந்தப் பெருமையை வைத்து மிக்ஸி ஓட்ட முடியாமல் அம்மியைக் கழுவி எடுத்தேன்.

என் வீட்டுக்காரர் சிதம்பரம் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினார். அவர் கண்டுபிடித்த ஆப் இப்படி வேலை செய்யும்: அவரவர் தெருவில் கரண்ட் போனதும் போனில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். வந்ததும் இன்னொரு பட்டன். எல்லோரும் ஒழுங்காக அமுக்கினால், நாளைக்கு எப்போது போகும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். எல்லோரும் என்பது அப்போதைக்கு நான்.

அதற்காகத்தான் எங்கள் கல்யாண நாளுக்கு எனக்கு டச் ஸ்கிரீன் போன் வந்தது. என் பழைய போனைக் கடையில் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு வாங்கி வந்திருந்தார். பளபளவென்று இருந்தது. கண் கலங்கிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். திறந்து பார்த்தால் உள்ளே அந்த ஆப் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. யாரும் அதை எடுத்துவிட முடியாதபடி பூட்டும் போட்டிருந்தார். "உங்க போன்ல போட்டுப் பாக்கலாமே" என்றேன். அவருடையது டார்ச் வைத்த பட்டன் போன். ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரம் முழுக்க நிற்கும்.

"எனக்கு முக்கியமான போன்லாம் வரும். அதுல ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார்.

எனக்கும் முக்கியமான போன் வரலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் திருப்பாப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். என் ஊசி வலிக்காது. வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். அழுதுகொண்டே வருகிற குழந்தை, 'ஆச்சா?' என்று கேட்டுவிட்டுப் போகும். கல்யாணமானதும், "கொஞ்ச நாளைக்கு வாணாமே" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் எங்கள் மகள் பிறந்து, நடந்து, ஒன்றாம் வகுப்புக்கே போய்விட்டாள். அந்த ஜூன் மாதத்தில்தான் சிதம்பரம் கீழ வீதியில் புதிதாக ஒரு லேப் திறக்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வேலை எனக்கு வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்காமலே வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இதற்கிடையில் ஆப் விழ ஆரம்பித்தது. விழுவது என்பது கம்ப்யூட்டர்காரர்கள் பாஷை. பட்டனை அமுக்கினால் திரை கறுத்து, ஆப் தானாக மூடிக்கொள்ளும். ஆப்தானே விழுகிறது, விழட்டும் என்று நான் இருந்தேன். அவரால் இருக்க முடியவில்லை. ஏன் விழுகிறது, எந்த இடத்தில் விழுகிறது, விழும்போது போனுக்குள் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு நாள் சாயந்திரம் இருட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே தன் அப்பாவிடம் இதைச் சொன்னார்.

என் மாமனார் ஒரு அரசாங்க ஆபீஸில் மனுக்கள் வாங்கும் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். வேலையை விட்டாரே தவிர மனுவை விடவில்லை. புயலில் செத்துப்போன எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்காக அவர் எழுதிய கடிதங்களை அடுக்கினால் அதன்மேல் ஏறி நின்று கம்பியை நாமே ஒட்டிவிடலாம். லேண்ட்லைன் வரும் என்ற நம்பிக்கையில் செல்போன்கூட வைத்துக்கொள்ளவில்லை.

"ஒரு மனு போட்டா பத்தாது" என்றார் மாமனார். "பதில் வரலன்னா நினைவூட்டு போடணும். அதுல பார்வைன்னு போட்டு, பழைய மனுவோட நகல் இணைக்கணும். அதுக்கும் பதில் வரலன்னா ரெண்டாம் நினைவூட்டு. பார்வை ஒண்ணு, பார்வை ரெண்டு. ஃபைல் கனமா ஆவணும். அப்பதான் ஒருத்தன் எடுத்துப் பாப்பான்."

"சூப்பர்ப்பா" என்றார் இவர். இட்லி கையோடு எழுந்து போய்விட்டார்.

உலகத்தில் ஆப் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அது விழுந்தால் தகவல் அனுப்பும் ஏற்பாட்டையும் செய்திருப்பார்கள். ஆனால் பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் வைத்துப் போனையே மனு எழுத வைத்தவர் என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். அவர் செய்து முடித்தது இதுதான். ஆப் விழுந்தால், போன் உடனே ஓர் அறிக்கை தயாரிக்கும். மணி என்ன, சார்ஜ் எவ்வளவு, உள்ளே வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, திரை எப்படி இருந்தது என்று ஒரு படம், எல்லாம் சேர்த்துக் கட்டி, காலேஜ் லேபில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும். 'கிடைத்தது' என்று அங்கிருந்து பதில் வர வேண்டும். வராவிட்டால் நினைவூட்டு. அதில் முதல் அறிக்கை இணைப்பு. அதற்கும் பதில் இல்லாவிட்டால் இரண்டாம் நினைவூட்டு. அதில் முதல் அறிக்கை, முதல் நினைவூட்டு, அந்த நினைவூட்டோடு ஏற்கெனவே இணைத்திருந்த முதல் அறிக்கை. இப்படியே போகும்.

காலேஜ் கம்ப்யூட்டர் பதில் போட வேண்டுமென்றால் அது ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் அங்கே கரண்ட் இருக்க வேண்டும். கடலூரில் கரண்ட் இருக்கும் நேரத்தில் சிதம்பரத்தில் இருக்காது, சிதம்பரத்தில் வந்தால் எங்களுக்குப் போகும், என் போனும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும். மின்வெட்டுக்கே ஆப் எழுதியவருக்கு இது மட்டும் தோன்றவில்லை. கேட்டால் கோபம் வரும் என்று நானும் கேட்கவில்லை. பாவம் என் போன், ஆளில்லாத ஆபீஸுக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தது.

ஒரு வாசகமும் உண்டு. ஆப் விழுந்ததும் பயன்படுத்துகிறவர் பயந்துவிடக் கூடாது என்பதற்காக மாமனார் எழுதிக் கொடுத்தது. 'தங்களுக்கு ஏற்பட்ட இடையூறு குறித்து உரியவர்களுக்கு அறிக்கை அனுப்பப்பட்டு வருகிறது. அருள்கூர்ந்து பொறுத்திருக்கவும்.' அந்தக் காலத்துப் போனில் தமிழ் தெரியாது, கட்டம் கட்டமாகத்தான் வந்தது. மாமனார் வருத்தப்பட்டார் என்பதற்காக அந்த வாசகத்தை அழகாக எழுதி ஒரு பெரிய படமாக்கி உள்ளே வைத்தார் மகன். ஒவ்வொரு அறிக்கையோடும் அந்தப் படமும் சேர்ந்து போனது. அப்பாவின் தமிழுக்கு மரியாதை.

போதாதென்று, அறிக்கை எழுதுகிற பகுதியே சில நேரம் விழுந்தது. அது விழுந்ததைப் பற்றியும் தனியாக ஓர் அறிக்கை.

போன் கொதித்தது. அதைத் துணியில் சுற்றி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மாவு சீக்கிரம் புளித்தது, அந்த ஓர் உபகாரத்தை மறக்க மாட்டேன். காலையில் முழுதாக இருந்த சார்ஜ், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதற்குள் தீர்ந்துவிடும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல வந்த ஆப், கரண்ட் போவதற்கு முன்னாலேயே போனைச் சாகடித்தது. சார்ஜ் இருந்தாலும் திரை அசையாது. விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, முந்தானையில் துடைத்து, திரும்பப் போடுவேன். எழுந்ததும் முதல் வேலையாக விட்ட இடத்திலிருந்து நினைவூட்டு எழுத ஆரம்பித்துவிடும்.

"என்னாங்க, போன் மாட்டி மாட்டி நிக்கிது" என்றேன் ஒரு நாள்.

"எந்த ஸ்கிரீன்ல நிக்கிது?"

"எல்லா ஸ்கிரீன்லயும் நிக்கிது."

"அதுக்கு முன்னாடி நீ இன்னா பண்ண?"

"ரசத்துக்குப் புளி கரைச்சேன்."

"இங்க பாரு, இப்டி பொதுவா சொன்னா எனக்கு யூஸ் இல்ல. அறிக்கை வரும்ல, அதுல பாத்துக்கறேன்" என்றார்.

"அந்த அறிக்கையாலதான் நிக்கிதுன்னு நெனைக்கிறேன்."

"உனக்கு ஏன் அதெல்லாம்?" என்று அன்பாகச் சொன்னார்.

லேபில் இன்டர்வியூவுக்கு ஒரு புதன்கிழமை வரச் சொன்னார்கள். அவரும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் காலேஜுக்கு, நான் கீழ வீதிக்கு. லேபைப் பார்த்துக்கொள்கிற மேடம் கெட்டிக்காரர். வளவளவென்று கேள்வி கேட்கவில்லை. ஒரு பாட்டியைக் காட்டி, "ரத்தம் எடுங்க" என்றார். தொட்டால் நழுவுகிற மெல்லிய நரம்பு. ஆறு வருஷமாகக் காய் நறுக்கிய கைதான், ஆனால் மறக்கவில்லை. ஒரே குத்து. பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். வெளியில் காட்டிக்கொள்ளாமல் பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நம்பர் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் மேடம். "நாளைக்கு இல்லன்னா வெள்ளிக்கிழமை கூப்புடுவோம். எடுத்து சரின்னா திங்கக்கிழமையே வந்துடுங்க. அவசரமா ஆள் வேணும், எடுக்கலன்னா அடுத்தவங்களுக்குப் போயிடுவேன். நீங்க கூப்புட்டுக்கிட்டே இருக்க வாணாம், எனக்கு இங்க வேல ஜாஸ்தி."

வீட்டுக்காரர் நம்பரைக் கொடுக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். வகுப்பில் இருக்கும்போது அணைத்து வைத்துவிடுவார். அதோடு, என் வேலைக்கு என் நம்பரைத்தானே கொடுக்க வேண்டும்? கொடுத்தேன். கையெழுத்துப் போடுவது போலப் பெருமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலையிலிருந்து அந்தப் போனை நான் தெய்வமாகக் கும்பிட்டேன். சார்ஜ் இறங்கினால், தெருமுனை மெடிக்கல் கடையில் இன்வெர்ட்டர் உண்டு, அங்கே போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் மாத்திரை எடுத்துக் கொடுப்பார், நான் கவுண்ட்டர் ஓரத்தில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து அதன் முதுகில் வைத்துச் சூட்டைத் தணித்தேன். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. குளிக்கப் போகும்போது மாமனாரைக் காவலுக்கு வைத்தேன்.

"போன் வந்தா உடனே கூப்புடுங்க மாமா."

"வராதும்மா. வந்தா லெட்டர்லதான் வரும். வேலைன்னா ஆர்டர் வரணும்" என்றார் அவர்.

காலையில் ஒருமுறை திரை பளிச்சென்று வந்து, உடனே கறுத்தது. போன் தானாக அணைந்து எழுந்து, 'அருள்கூர்ந்து பொறுத்திருக்கவும்' என்றது. பொறுத்திருந்தேன். சற்று நேரத்தில் மறுபடியும் அதே மாதிரி. இது வழக்கமாக வருகிற வலிப்புதானே என்று துணியை மாற்றி வைத்தேன். எழுந்ததும் யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்னொரு முறை கறுத்து எழுந்தது. அப்போதும் பார்த்தேன், அப்போதும் இல்லை.

சாயந்திரமும் ஆகிவிட்டது. அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பாட்டிக்கு ஒருவேளை பிறகு கை வீங்கியிருக்குமோ என்றுகூட நினைத்தேன். ஆறு வருஷம் வீட்டில் இருந்தவளை எவள் வேலைக்கு எடுப்பாள், நீ என்ன பெரிய இவளா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். மகள் ஹோம்வொர்க்கை நீட்டினாள். எரிந்து விழுந்தேன்.

இருட்டும் நேரத்துக்கு அவர் வந்தார். வழக்கமாகச் செருப்பை வாசலில் விடுகிறவர், அன்றைக்குச் செருப்போடு கூடத்துக்கு வந்தார். அவ்வளவு சந்தோஷம். காலேஜில் கரண்ட் வந்திருக்கிறது. லேப் கம்ப்யூட்டர் எழுந்திருக்கிறது. என் போன் இத்தனை நாளாக எழுதிய மனுக்கள் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டியிருக்கின்றன. பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். லேப்டாப்பைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"கண்டுபுடிச்சிட்டேன்! ஆப்ல தப்பு இல்ல. அறிக்கைங்களே மெமரி ஃபுல்லா புடிச்சி வெச்சிருக்கு, போனுக்குன்னு ஒண்ணுமே மிச்சமில்ல. அந்த நேரத்துல கால் வந்தா மணியடிக்கக்கூட எடமில்லாம போனே விழுந்துடுது. அதையும் கரெக்டா எழுதி அனுப்பியிருக்கு பாரு!"

"பாத்தியா" என்றார் மாமனார். "அறிக்கை போட்டதாலதான் இது வெளிய வந்துச்சி."

நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். "எப்ப வந்த கால்?" என்று கேட்டேன்.

"நேத்து காலையில ரெண்டு. இன்னிக்கு மத்தியானம் ஒண்ணு."

"யாருகிட்டேருந்து?"

"நம்பரு வராது. அத எடுக்க வாணாம்னு நான்தான் வெச்சேன். அடுத்தவங்க நம்பர நாம எடுக்கறது தப்பில்லையா? பிரைவசி."

மேஜை மேல் அவருடைய பட்டன் போன் இருந்தது. எடுத்தேன். லேபில் கொடுத்த கார்டு என் பர்ஸில் இருந்தது. டார்ச்சைப் போட்டு நம்பரைப் பார்த்து, பிறகு அழுத்தினேன். அவர் இன்னும் லேப்டாப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மேடமே எடுத்தார்.

"வேணாம்னா சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். "மூணு தடவ போட்டேன். மூணு தடவயும் கட் பண்ணிட்டீங்க. மத்தியானமே வேற ஒரு பொண்ணுக்குச் சொல்லிட்டேன். அவுங்க வந்து சாவிகூட வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"நான் கட் பண்ணல மேடம். போன் ரிப்பேரு."

"எல்லாரும் அதான்மா சொல்றாங்க. கை நல்லா இருந்துச்சி உங்களுக்கு. வேற எதுனா வந்தா சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

போனை மேஜை மேல் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மாமனார் மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போனார். வீட்டுக்காரர் அப்போதுதான் திரும்பினார். என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். இரண்டு நாளாக நான் காத்திருந்த கால் அதுதான், மூன்றும் அவர்கள்தான், வேலை போய்விட்டது என்றேன். அழக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. மகள் வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர் கெட்டவர் இல்லை. முகம் செத்துவிட்டது. லேப்டாப்பை மூடினார். வீடு முழுக்க இருட்டாகிவிட்டது. அந்த இருட்டில், நிஜமாகவே புரியாத குரலில் கேட்டார்.

"நீ சும்மா பொழுது போகலன்னு போய்ப் பாக்கறேன்னுதான் நெனச்சேன். இவ்ளோ ஆசைன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

நான் சொல்லியிருந்தேன். கல்யாணமான மறுமாதம் சொன்னேன். மகளுக்குப் பால் மறக்கவைத்தபோது சொன்னேன். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் சொன்னேன். அந்தப் புதன்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்த வேலை கிடைத்தால் என்னவெல்லாம் செய்வேன், கிடைக்காவிட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று ஒன்றுவிடாமல், ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் வெளியே பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனேன். பதிலே வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார்.